கடுகண்ணாவை ஏற்றம் ஏறிய ஷேக்ஸ்பியர் சொற்கள்: ஓர் ஆய்வு

ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் முதன்முதலாக எழுத்திற் காணப்படுவதாக அகராதிகள் காட்டிவந்த ஆங்கிலச் சொற்களுள், கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து கண்டிப் பக்கத்துப் பேச்சுத் தமிழில் குடியேறியவை மிகச் சிலவே. லக்கேஜ், மெனேஜர், பெட்ரூம், கேட்டரிங் ஆகிய நான்கும் ஐயத்துக்கு இடமின்றி ஏறி வந்தவை. ஐந்தாவதாக ஒன்று, வரும் வழியில் முதலையிலிருந்து யானையாக மாறி, இன்று வீதியோரத்தில் கிலோக் கணக்கில் விலைபோகிறது. இவை எவ்வழியாக வந்தன, ஏன் இவை மட்டும் வந்தன, மற்றவை எங்கே இறங்கிக்கொண்டன என்பனவே இவ்வாய்வின் எல்லை.

‘ஆக்கினார்’ என்ற வினையை முதலில் அளந்துகொள்வது நல்லது. ஒரு சொல்லை இன்னார் பெற்றெடுத்தார் என்று எந்த நல்ல அகராதியும் சொல்வதில்லை. இன்ன ஆண்டில், இன்ன நூலில் அது முதலிற் கண்ணில் பட்டது என்று மட்டுமே சொல்கிறது. கண்டெடுத்த வீட்டையே பிறந்த வீடாக்கிவிடுவது படிப்பவர்களின் அவசரம். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் வேலை 1857இல் இலண்டன் மொழிநூற் கழகத்தில் பேச்சாகத் தொடங்கியது. 1879இல் ஜேம்ஸ் மரே பதிப்பாசிரியரான பின் சூடுபிடித்து, முதற்பகுதி 1884இலும் கடைசிப்பகுதி 1928இலும் அச்சேறின. பழைய நூல்களைப் படித்து, சொல்லையும் அது வந்த வரியையும் துண்டுத்தாளில் எழுதித் தபாலில் அனுப்பியவர்களிற் பெரும்பாலோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். அவர்களுக்கு ஷேக்ஸ்பியர் மிகவும் வசதியானவர். வீட்டு அலுமாரியில் பிரதி இருந்தது. மேரி கௌடன் கிளார்க் தொகுத்து 1845இல் வெளிவந்த சொல்லடைவும் இருந்தது. எந்தச் சொல் எந்த நாடகத்தில், எந்தக் காட்சியில் என்று விரலை வைத்தாற் போதும். இலண்டனில் மீன் விற்ற ஒருத்தி அதற்கு இருபது வருடம் முன்பே ‘லக்கேஜ்’ என்று நாள்தோறும் கத்தியிருக்கலாம். அவளுடைய பேச்சுக்கு யாரும் சொல்லடைவு செய்யவில்லை. ஷேக்ஸ்பியர் 1700 சொற்களை உண்டாக்கினார் என்று பள்ளிக்கூட மேடைகளில் முழங்கப்படும் கணக்கு, பழைய நூல்கள் கணினிக்குள் ஏற ஏற இளைத்து வருவதன் காரணமும் இதுதான்.

அவருடைய நூல்கள் மிஞ்சியதும் கூட ஒரு தற்செயல். 1616இல் அவர் இறந்த பின், கூட நடித்த ஹெமிங்ஸ், கொன்டெல் என்ற இருவர் 36 நாடகங்களைத் திரட்டி 1623இல் ஒரே தொகுதியாக வெளியிட்டனர். அவற்றுட் பாதியளவு அதற்கு முன் அச்சைக் கண்டதேயில்லை. ‘மக்பெத்’, ‘டெம்பெஸ்ட்’, ‘அஸ் யூ லைக் இட்’ ஆகியன அந்தப் பாதியைச் சேர்ந்தவை. அந்த இரண்டு நடிகர்களும் சோம்பலாக இருந்திருந்தால், கண்டிக் கலியாண வீடுகளில் இன்று கேட்டரிங்காரருக்கு ஷேக்ஸ்பியர் பரம்பரை கிடைத்திராது. அவர் வெறும் சமையற்காரராகவே நின்றிருப்பார்.

கடுகண்ணாவை இவ்வாய்வுக்குத் தெரிவானது அதன் காட்சியழகுக்காக அன்று, சரிவுக்காக. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன பின், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பிலிருந்து வீதி வெட்டப்பட்டது. கணவாயில் மலையை விலக்க முடியாத இடத்திற் பாறையையே துளைத்தார்கள். அவ்வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுந்த கோபுரம் ஏற்றத்தின் உச்சியில் இன்றும் நிற்கிறது. 1867இல் ரயில் கண்டியைத் தொட்டது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை 45 அடி நகர்ந்தால் ஓரடி உயரம் என்ற கணக்கிற் பாதை ஏறுகிறது. நீராவிக் காலத்தில் முன்னால் இழுக்கும் எஞ்சின் போதாமல், பின்னாலிருந்து தள்ள ரம்புக்கனையில் இன்னொன்றைப் பூட்டினார்கள். பாதை போட்டதன் முதல் நோக்கம் கோப்பியைக் கீழே இறக்குவது. மேலே ஏறியவை அரிசி, தோட்டத்துக்கு ஆட்கள், துரைமாரின் பெட்டிகள், அவற்றோடு சீட்டு வாங்காமல் சில சொற்கள். 2014இல் கடுகண்ணாவை நிலையத்தில் தேசிய ரயில் நூதனசாலை திறக்கப்பட்டபோது பழைய எஞ்சின்களுக்கும் பெட்டிகளுக்கும் இடம் கிடைத்தது. சொற்களுக்கென ஓர் அலுமாரியும் ஒதுக்கப்படவில்லை.

சொற்கள் ஏறிய வழி குறித்து இரண்டு கொள்கைகள் நிறுவத் தக்கன. முதலாவது கல்விவழிக் கொள்கை. கண்டியில் திரித்துவக் கல்லூரி 1872 முதலும் கிங்ஸ்வுட் கல்லூரி 1891 முதலும் இருக்கின்றன. பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. அப்பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த லுடொவைக், ஷேக்ஸ்பியரை விளங்கிக்கொள்வது எப்படி என்று 1962இல் கேம்பிரிட்ஜ் வழியாக உலகத்துக்கே நூல் எழுதிக் கொடுத்தவர். இவ்வளவு இருந்தும் கொள்கை நிற்கவில்லை. ஷேக்ஸ்பியரை முறையாகப் படித்தவர்கள் ‘லக்கேஜ்’ என்று சொல்லும் அதே தடவைகளே, அவரைக் கேள்விப்படாத சுமைகூலிகளும் சொல்கிறார்கள். சுமைகூலிகள் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். இரண்டாவது தண்டவாளக் கொள்கை: சொல், அது குறிக்கும் பொருளோடு சேர்ந்து பெட்டியில் ஏறி வந்தது என்பது. இவ்வாய்வு இதையே ஏற்கிறது.

இக்கொள்கையிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. ரயில் மேடையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு ஒரே மூச்சிற் கத்தக்கூடிய சொல் ஏறும். மூச்சு முட்டுவது இறங்கும். ‘மக்பெத்’ தந்த ‘அசாசினேஷன்’ பத்திரிகைக் கட்டுரைகளோடு நின்று, பேச்சிற் ‘கொலை’க்கு வழிவிட்டது. அதே நாடகத்தில் ‘செந்நிறமாக்கு’ என்ற பொருளில் வரும் ‘இன்கார்னடைன்’ ரம்புக்கனைத் தண்ணீர்த் தொட்டியருகே இறங்கியது, திரும்பி ஏறவில்லை. ‘லவ்ஸ் லேபர்ஸ் லொஸ்ட்’ நாடகத்தில் ஒரு கோமாளி சொல்லும் ‘ஹொனோரிஃபிகாபிலிடுடினிடாடிபஸ்’ ஆங்கிலத்தில் 27 எழுத்துக்கள் கொண்டது. ஷேக்ஸ்பியருக்கும் முந்திய பழைய இலத்தீன் விளையாட்டு அது. தள்ளும் எஞ்சின் இரண்டு பூட்டினாலும் இதை ஏற்றியிருக்க முடியாது. அதே நாடகந்தான் ‘மெனேஜர்’ என்ற இலேசான சொல்லையும் தந்தது என்பதை நினைக்க, விதியின் வலிமை புலப்படும்.

ஏறியவற்றுள் முதலில் லக்கேஜ். இதன் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று ‘நான்காம் ஹென்றி’ முதற் பாகத்தில் வருகிறது. போர்க்களத்தில் தன் கையால் செத்தவனாகச் சொல்லி, ஹொட்ஸ்பர் என்ற வீரனின் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஃபோல்ஸ்டாஃப் வருகிறான். உண்மையிற் கொன்றவன் இளவரசன். பொய் என்று தெரிந்தும் விட்டுக்கொடுத்து, உன் லக்கேஜை நீயே முதுகிற் சுமந்து வா என்ற பொருளில் இளவரசன் சொல்கிறான். எனவே அங்கே நாடக மேடையேறிய லக்கேஜ் ஓர் ஆள். அதுவும் இன்னொருவனுடைய கணக்கில் வரவேண்டிய ஆள். கண்டிக்குப் போகும் தனியார் பஸ்ஸில், இருக்கையில் வைத்த மூட்டைக்கும் டிக்கட் எடுக்கச் சொல்லி நடத்துநர் வாதாடும்போது, லக்கேஜை ஓர் ஆளாகக் கருதும் இந்தப் பழைய வழக்கு அவரை அறியாமலே உயிர்த்தெழுகிறது. ‘பயணப்பொதி’ என்ற சொல் நிலையத்துப் பலகைகளில் அழகாக எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கத்திக் கூப்பிட்டவர் எவரும் இல்லை.

மெனேஜரின் கதை சற்று நீளம். ‘லவ்ஸ் லேபர்ஸ் லொஸ்ட்’டில் அர்மாடோ என்ற பகட்டுக்காரன் காதலில் விழுந்து, தன் வாளுக்கும் முரசுக்கும் விடைகொடுக்கும்போது, அவற்றைக் கையாள்பவன் என்ற பொருளில் தன்னையே மெனேஜர் என்கிறான். ‘மிட்சமர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்திலோ தீசியஸ் கோமகன், கலியாண இரவின் பொழுதைப் போக்க வழி தேடி, கேளிக்கைக்கான மெனேஜர் எங்கே என்று கேட்கிறான். வந்தவர் கையில் ஆட்டபாட்டப் பட்டியல் ஒன்று இருக்கிறது. மாலையானதும் வெள்ளைக்காரப் பயணிகளுக்குக் கண்டிய நடனம் ஒழுங்குசெய்து கொடுக்கும் கண்டி ஹோட்டல் மெனேஜர் இந்தப் பொருளிலிருந்து ஓரங்குலமும் விலகவில்லை. வங்கி மெனேஜர்தான் பிற்காலப் பிறழ்வு. அரச காகிதங்களில் அவர் ‘முகாமையாளர்’, தமிழ்நாட்டில் ‘மேலாளர்’. மலையகத் தோட்டங்களில் மட்டும் இந்தச் சொல் வெகுகாலம் வாசலில் நின்றது. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போன பிறகு மெனேஜர் என்ற பலகை பல ஒபிஸ்களில் ஏறியது. பலகைக்குள் உட்கார்ந்திருப்பவரை ஆட்கள் இன்னும் ‘தொரை’ என்றே அழைக்கிறார்கள். பழைய சொல் இருந்த கதிரையில் புதிய சொல் உட்கார முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று கிடைப்பதரிது.

பெட்ரூம் இன்று வீட்டு விளம்பரங்களின் உயிர்நாடி. இரண்டு பெட்ரூம், மூன்று பெட்ரூம் என்றுதான் பிலிமத்தலாவையிலும் பேராதனையிலும் வீட்டின் மதிப்பு சொல்லப்படுகிறது. ஆயினும் ‘மிட்சமர் நைட்ஸ் ட்ரீம்’ காட்டில் லைசாண்டர் இச்சொல்லை முதலில் எடுத்தபோது அங்கே சுவர் இல்லை, கூரை இல்லை, கட்டிலும் இல்லை. வழி தவறிய காதலர் இருவர், இரவு, மண்தரை. பக்கத்தில் உடம்பை நீட்ட இடம் தா என்பதுதான் அவன் கேட்ட பெட்ரூம். தள்ளிப் படு என்று ஹெர்மியா மறுத்துவிட்டாள். நான்கு சுவருள்ள தனியறை என்ற பொருள் அதற்குச் சற்றுப் பின்னரே வந்து சேர்ந்தது. தோட்டத்து லயங்களில் ஒரே காம்பிராவுக்குள் மூன்று தலைமுறை, யாருக்கு எந்த மூலை என்று இரவில் இடம் பிரித்துக்கொண்ட காலத்தில், ஷேக்ஸ்பியரின் பெட்ரூம் அதன் மூலப்பொருளில் அங்கே முழுமையாக இருந்தது. சொல்தான் இல்லை. சொல் வந்தபோது அதன் பொருள் மாறிவிட்டதால், அது லயத்துக்குள் நுழையாமல் நகரத்துப் பக்கம் திரும்பியது.

கேட்டரிங் ‘அஸ் யூ லைக் இட்’டிலிருந்து புறப்பட்டது. ஆதம் என்ற கிழட்டு வேலைக்காரன், தன் சேமிப்பையெல்லாம் இளைய எசமானிடம் கொடுத்துவிட்டு, குருவிக்கும் படியளப்பவர் தன்னைக் காப்பார் என்கிறான். அந்தப் படியளத்தலைக் குறிக்க அவன் பயன்படுத்தும் வினை ‘கேட்டர்’. அதன் முதல் வாடிக்கையாளர் ஒரு குருவி, முன்பணம் பெறப்படவில்லை. கண்டிக் கலியாண மண்டபங்களில் தலைக்கு இவ்வளவு என்று பேசும் இன்றைய தொழிலுடன் இதை ஒப்பிடுவது ஆய்வு நெறிக்குப் புறம்பு.

அதே நாடகத்தின் இன்னொரு சொல் இங்கே கவனிக்கத் தக்கது. மனித வாழ்வின் ஏழு பருவங்களைப் பற்றிய புகழ்பெற்ற பேச்சில், முதற் பருவத்துக் குழந்தை செவிலியின் கையில் ‘பியூக்’ செய்கிறது, அதாவது வாந்தியெடுக்கிறது. ஒரே அசை, மேடையின் எந்த நுனிக்கும் கேட்கும். தேவையோ சொல்லி முடியாது. கடுகண்ணாவை வளைவுகளில் பஸ் ஏறும்போது இச்சொல்லின் பொருள் நாள்தோறும் சன்னல் வழியாக நிறைவேறுகிறது. விதிப்படி முதல் ஆளாக ஏறியிருக்க வேண்டிய சொல் இது. ஏறவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் ‘சத்தி’ என்றார், மலையகத்தார் ‘வாந்தி’ என்றார், மூன்றாவதுக்கு இடமில்லை. எனவே விதியோடு ஒரு துணைவிதி சேர்க்கப்பட வேண்டியதாகிறது. கண்டி ரயில் மேடைக்கு வந்ததும் சன்னல் வழியாக லேஞ்சியை எறிந்து சீட்டுப் பிடிப்பதுபோல, முதலில் வந்த சொல் தன் லேஞ்சியைப் போட்டுவிட்டால் பின்னால் வந்தது நின்றுகொண்டேதான் போக வேண்டும். லேஞ்சியை உரிமைச் சான்றாக ஏற்பது பண்பட்ட சமூகங்களின் வழக்கம். ‘ஒதெல்லோ’வில் அதை நம்பியே ஒரு கொலை நடந்தது. ‘லேஞ்சி’ போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்பதால், ஷேக்ஸ்பியருக்கு இதில் உரிமை கோர இடமில்லை.

ஐந்தாவது சொல்லே இவ்வாய்வின் கடினமான பகுதி. ‘ரோமியோ ஜூலியட்’டில் மண்டுவா நகரத்து ஏழை மருந்துக்கடைக்காரன் ஒருவன் வருகிறான். ரோமியோவுக்கு நஞ்சு விற்பவன் அவனே. அவன் கடையில் ஓர் ஆமை தொங்குகிறது. கூடவே பஞ்சடைத்த முதலை ஒன்று. ஸ்பானியரின் ‘எல் லகார்த்தோ’, அதாவது ‘பல்லி’, ஆங்கில மாலுமிகள் வாயிற் பலவாறு சிதைந்துகொண்டிருந்த காலம் அது. நாடகத்தின் 1597ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘அலிகார்ட்டா’ என்று ஆகாரத்தில் முடிந்த சொல், 1623 தொகுதியில் ரகர ஒற்றில் முடிகிறது. இன்றைய ‘அலிகேட்டர்’ என்ற வடிவத்தைப் பரப்பியவர் ஷேக்ஸ்பியர் என்று சொல்லப்படுவது இந்த ஒரு ரகரத்தை வைத்துத்தான். அச்சுக்கோத்தவனின் கைப்பிழையாகவும் அது இருக்கலாம் என்று சொல்பவர்களோடு வாதாடிப் பயனில்லை.

இதற்கிடையே மெக்சிக்கோவில் ‘அவாகட்ல்’ என்று அழைக்கப்பட்ட பழம் ஒன்று, ஸ்பானியர் வாயில் ‘அகுவகாத்தே’ ஆகி, ஆங்கிலேயர் காதில் ‘அலிகேட்டர் பெயார்’ என்று விழுந்தது. பேரிக்காயின் வடிவம், முதலையின் தோல். பெயர் பொருந்தியதால் எவரும் திருத்தவில்லை. அப்பழம் இலங்கை மலைகளுக்கு வந்தபோது சிங்களத்தில் ‘அலிகெட்ட பேர’ ஆயிற்று. சிங்களத்தில் ‘அலி’ என்றால் யானைகள். ‘பேர’ என்றால் கொய்யா. அதுவே போர்த்துக்கேயர் பேரிக்காய்க்குச் சொன்ன பெயர். தமிழ் இதைக் கேட்டு, ஒவ்வோர் உறுப்பையும் நேர்மையாகப் பெயர்த்து ‘ஆனைக்கொய்யா’ என்று வைத்ததுபோலவே தெரிகிறது. முதலையும் இல்லை, பேரியும் இல்லை. யானையும் கொய்யாவும் மிஞ்சின. ஷேக்ஸ்பியரின் முழுப் பங்களிப்பான அந்த ரகரம் சிங்களத்துக்குள் நுழையும்போதே உதிர்ந்துவிட்டது. ‘பேர’வில் ஒரு ரகரம் இருக்கிறதே என்று அவர் சார்பாக வாதிடலாம், அது போர்த்துக்கேயருடையது என்று மேலே காட்டப்பட்டுவிட்டது. இப்பெயரை முதலிற் சொன்னவர் கடையில் கூடையோடு இருந்த ஒருவராகவோ, வாங்க வந்த இன்னொருவராகவோ இருக்கலாம். இத்தனை நாடகம் எழுதியவர் ஓர் ஒற்றைச் சேர்த்ததற்கு அகராதியில் இடம் உண்டு. முதலையை யானையாக்கியவருக்குத் துண்டுத்தாள் கிடைக்கவில்லை. பழத்தைப் பொறுத்தவரை, பருவகாலத்தில் கண்டி வீதியோரக் கடைகளில் அது குவிந்து கிடக்கிறது. சீனியும் பாலும் சேர்த்துப் பிசைந்து உண்பதே மரபு. ‘பட்டர் ஃபுரூட்’ என்ற போட்டிப் பெயர் இளையோரிடம் பரவி வருகிறது. யானை இம்முறை தோற்கவும் கூடும்.

ஒலியொன்றையே பிடித்துக்கொண்டு உருவம் மாறும் இவ்வியல்பு சொற்களோடு நிற்கவில்லை. சென்னையில் சுகுண விலாச சபையை 1891இல் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ஷேக்ஸ்பியர் நாடகங்கள் சிலவற்றைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். ஹம்லெட் ‘அமலாதித்தன்’ ஆனான். மக்பெத் ‘மகபதி’ ஆனான். பண்டைய பிரித்தானியாவின் அரசனாகிய சிம்பெலின், ‘சிம்ஹளநாதன்’ ஆனான். ஒலி இழுத்த இழுப்பில் பிரித்தானிய மன்னனுக்குச் சிங்களத் தீவின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. 1815இல் பிரித்தானியர் கண்டியைப் பிடித்ததற்கு இது எவ்வகையிலும் ஈடாகாது எனினும், கணக்கில் எழுதிவைக்க வேண்டியது. ஷேக்ஸ்பியரும் தப்பவில்லை. மட்டக்களப்புத் தந்த விபுலாநந்த அடிகள் 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் அவரைத் தமிழ் நாடக இலக்கணத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தி, ‘செகசிற்பியார்’ என்று பெயரிட்டார். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறக் கூடிய பெயர் அது. ஒரு மூச்சிற் கூப்பிடலாம், ‘ஆர்’ விகுதி இருப்பதால் மரியாதையும் குறையாது.

எதிர்த்திசைப் போக்குவரத்தையும் ஒரு வார்த்தை குறிப்பிட வேண்டும். மலையிலிருந்து இறங்கிய சொற்கள் அவரை எட்டினவா என்றால், ஒன்று எட்டியது. ஆங்கில ‘ஜிஞ்சர்’ இலத்தீனையும் கிரேக்கத்தையும் பாளியையும் பின்னோக்கிக் கடந்து திராவிட ‘இஞ்சி’யில் வந்து முடிகிறது. ‘விண்டர்ஸ் டேல்’ நாடகத்தில் ஆட்டுமயிர் கத்தரிக்கும் விருந்துக்குச் சாமான் வாங்கப் புறப்பட்ட இடையன் மகன் தன் பட்டியலை வழியில் வாய்விட்டுப் படிக்கிறான்: சீனி, அரிசி, குங்குமப்பூ, சாதிப்பத்திரி, ஏழு சாதிக்காய், ஒன்றிரண்டு துண்டு இஞ்சி, உலர்ந்த பழ வகைகள். சாதிக்காயும் சாதிப்பத்திரியும் இஞ்சியும் கண்டிச் சந்தையில் பக்கத்துப் பக்கத்துச் சாக்குகளில் இருக்கின்றன. பட்டியலில் அவன் காசு கொடுக்க நினைக்காத சரக்கு இஞ்சி ஒன்றுதான். அதை யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்கிறான். அதே காட்சியில் ஓட்டோலிக்கஸ் என்ற பிக்பொக்கட் அவனுடைய பணப்பையை அடித்துக்கொண்டு போய்விடுவதால், மற்றச் சாமான்களும் அன்று வாங்கப்படவில்லை.